ருமேனிய மொழியில் புத்தகங்களைப் பற்றிப் பேச: பெயரடையின் வடிவமும் இடமும், முழுமையான வழிகாட்டி

தமிழில் ‘நல்ல’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நல்ல புத்தகம், நல்ல புத்தகங்கள், நல்ல எழுத்தாளர், நல்ல எழுத்தாளர்கள். பெயர்ச்சொல் எப்படி மாறினாலும் ‘நல்ல’ அசையாது. ருமேனிய மொழியில் இந்த நான்குக்கும் நான்கு வடிவங்கள்:

கார்த்தே புன – நல்ல புத்தகம்
கர்த்ஸி புனே – நல்ல புத்தகங்கள்
ஸ்க்ரீதோர் புன் – நல்ல எழுத்தாளர்
ஸ்க்ரீதோரி புனி – நல்ல எழுத்தாளர்கள்

இது நமக்கு முற்றிலும் அந்நியமான விஷயமும் இல்லை. ‘அவன் நல்லவன், அவள் நல்லவள், அவை நல்லவை’ என்று பயனிலையில் பால், எண் பார்த்துத்தான் பேசுகிறோம். ருமேனியர்கள் அதே வேலையைப் பெயருக்கு அடைமொழியாக வரும்போதும் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

நமக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் அடைமொழி முதலில் வரும். ‘சுவாரசியமான...’ என்று ஆரம்பித்துவிட்டு, அப்புறம் நாவலா கதையா என்று முடிவு செய்யலாம். ருமேனிய மொழியில் அப்படி ஆரம்பித்தால் நடுவில் மாட்டிக்கொள்வோம். எதைப் பற்றிப் பேசுகிறோம், அது என்ன பால், ஒன்றா பலவா என்று பெயரை முதலில் தீர்த்துக்கொண்டால் பெயரடையின் வடிவம் ஏறக்குறைய தானே வந்துவிடும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த வரிசையில்தான் போகிறது.

எழுத்து பற்றிக் கொஞ்சம்

ருமேனிய மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. கூடுதலாக ஐந்து சிறப்பு எழுத்துகள் உண்டு. இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருவதால் சில ஏற்பாடுகள் தேவை. மேலே பிறை வைத்த ‘ஏ’ (a) எழுத்தைக் குறில் அகரமாக எழுதுகிறேன். பிறை இல்லாத ‘ஏ’ நெடில் ஆகாரம். இந்த வேறுபாட்டை மட்டும் கண்ணில் வைத்திருங்கள்: ‘புன’ வேறு, ‘புனா’ வேறு. ஐந்தாம் படியில் எல்லாமே இதில்தான் நிற்கும்.

தொப்பி போட்ட ‘ஏ’யும் தொப்பி போட்ட ‘ஐ’யும் (i) ஒரே ஒலி. ‘பாட்டு’, ‘காசு’ என்பவற்றின் கடைசியில் வரும் குற்றியலுகரத்துக்கு அது மிக அருகில் இருக்கிறது. அதை உகரமாகவே எழுதுகிறேன். அடியில் வால் உள்ள ‘எஸ்’ ஷகரம். வால் உள்ள ‘டி’ (t) த்ஸ. சகரத்தைப் ‘பச்சை’யில் வருவதுபோலப் படியுங்கள். ‘புன்’ என்பதன் பகரம் பஸ்ஸில் வரும் பகரம், பாலில் வருவது அல்ல. இதைத் தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்ட முடியாது என்பதால் ஒலிப்பதிவுள்ள அகராதி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சொல்லின் கடைசி இகரம் பெரும்பாலும் முழு எழுத்தாக ஒலிக்காது, காற்றாக மட்டும் வரும். கர்த்ஸி என்பது கிட்டத்தட்ட ‘கர்த்ஸ்’ என்றே கேட்கும்.

படி 1: பெயரின் பாலைக் கண்டுபிடியுங்கள்

ருமேனிய மொழியில் மூன்று பால்கள்: ஆண்பால், பெண்பால், அப்புறம் ‘நெவுத்ரு’. மூன்றாவது ஒரு விசித்திரமான ஏற்பாடு. ஒருமையில் ஆண்பால்போல நடக்கும், பன்மையில் பெண்பால்போல நடக்கும். அதற்கென்று தனி வடிவம் கிடையாது.

பாலைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிப் பார்ப்பதுதான்.

உன் ஆவுதோர், தோய் ஆவுதோரி – ஓர் ஆசிரியர், இரண்டு ஆசிரியர்கள். ஆண்பால்.
ஓ கார்த்தே, தோவ கர்த்ஸி – ஒரு புத்தகம், இரண்டு புத்தகங்கள். பெண்பால்.
உன் ரொமான், தோவ ரொமானே – ஒரு நாவல், இரண்டு நாவல்கள். நெவுத்ரு.

‘உன்–தோய்’ என்றால் ஆண்பால், ‘ஓ–தோவ’ என்றால் பெண்பால், ‘உன்–தோவ’ என்று கலந்து வந்தால் நெவுத்ரு. ஆகவே ஒரு சொல்லைக் கற்கும்போது ‘ரொமான்’ என்று தனியாகக் கற்காதீர்கள். ‘உன் ரொமான், தோவ ரொமானே’ என்று ஒரே மூச்சில் கற்றுக்கொள்ளுங்கள். பன்மை வடிவமும் சேர்ந்தே வந்துவிடும். அது பின்னால் இன்னொரு வேலைக்கும் ஆகும்.

புத்தகம் சார்ந்த சொற்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி தெரியும். கார்த்தே, பொவேஸ்தே (கதை), நுவேல (குறுநாவல்), பாஜின (பக்கம்), கொபேர்த (அட்டை), எதித்ஸியே (பதிப்பு), ரெவிஸ்த (இதழ்) எல்லாம் பெண்பால். ரொமான், வொலூம் (தொகுதி), மானுஆல் (பாடநூல்), திக்த்ஸியோனார் (அகராதி), காபிதோல் (அத்தியாயம்), தித்லு (தலைப்பு), பெர்ஸோனாஜ் (கதாபாத்திரம்) எல்லாம் நெவுத்ரு. சுத்தமான ஆண்பால் வருவது பெரும்பாலும் ஆட்களைச் சொல்லும்போதுதான்: ஆவுதோர், ஸ்க்ரீதோர், எரோவ் (நாயகன்).

இதன் பொருள் என்ன? புத்தகங்கள், நாவல்கள், அத்தியாயங்கள் எதுவானாலும் பன்மையில் பெண்பால் வடிவமே போதும். ‘புனி’, ‘இன்தெரெஸான்த்ஸி’ போன்ற ஆண்பால் பன்மை வடிவங்கள் எழுத்தாளர்களையும் நாயகர்களையும் பற்றிப் பேசும்போது மட்டும் தேவைப்படும். பாடநூல்கள் நான்கு கட்டம் போட்ட அட்டவணையை முதல் நாளே தலையில் கட்டுகின்றன. புத்தகங்களைப் பற்றிப் பேச மூன்று கட்டங்களே போதும் என்பது என் கருத்து. நான்காவதை ஆட்கள் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கதாபாத்திரம் என்ற சொல்லில் மட்டும் கவனம். ‘பெர்ஸோனாஜ்’ நெவுத்ரு. அந்தப் பாத்திரம் ஆணாக இருந்தாலும் பன்மையில் ‘பெர்ஸோனாஜே இன்தெரெஸான்தே’ என்றுதான் வரும். இலக்கணம் சொல்லின் பாலைப் பார்க்கிறது, ஆளின் பாலைப் பார்ப்பதில்லை.

படி 2: பெயரடைக்கு எத்தனை வடிவங்கள்?

முழு அணியும் இறங்குவது ‘புன்’ போன்றவற்றில்: புன் (ஆண் ஒருமை), புன (பெண் ஒருமை), புனி (ஆண் பன்மை), புனே (பெண் பன்மை). புத்தகங்களுக்கு அடிக்கடி வரும் பல பெயரடைகள் இந்த வகைதான்.

சுவாரசியமான: இன்தெரெஸான்த், இன்தெரெஸான்த, இன்தெரெஸான்த்ஸி, இன்தெரெஸான்தே
அழகான: ஃப்ருமோஸ், ஃப்ருமொவாஸ, ஃப்ருமோஷி, ஃப்ருமொவாஸே
குட்டையான, சுருக்கமான: ஸ்குர்த், ஸ்குர்த, ஸ்குர்த்ஸி, ஸ்குர்தே
தடிமனான: க்ரோஸ், க்ரொவாஸ, க்ரோஷி, க்ரொவாஸே

இங்கே ஈறு மட்டும் மாறவில்லை, உள்ளேயும் அசைவு இருக்கிறது. பெண்பாலில் ஓகாரம் பல சொற்களில் ‘ஒவா’ என்று விரிகிறது. ஆண்பால் பன்மை இகரத்துக்கு முன்னால் தகரம் த்ஸகரமாகவும் ஸகரம் ஷகரமாகவும் மாறுகிறது. இவை விதிவிலக்குகள் அல்ல. மொழி முழுவதும் நடக்கும் ஒலிமாற்றங்கள். ஒருமுறை காதில் ஏறிவிட்டால் புதுச் சொல்லுக்கும் நீங்களே ஊகித்துவிடலாம்.

சில பெயரடைகள் சோம்பேறிகள். ‘பிளிக்திஸிதோர்’ (சலிப்பான) பெண்பாலில் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம்: ஓ கார்த்தே பிளிக்திஸிதொவாரே, தோவ கர்த்ஸி பிளிக்திஸிதொவாரே. ‘லுங்’ (நீளமான) பெண்பாலில் லுங்க, பன்மையில் எல்லாவற்றுக்கும் லுஞ்ஜி. ‘ரொமுனேஸ்க்’ (ருமேனிய) பெண்பாலில் ரொமுனியாஸ்க, பன்மையில் எல்லாவற்றுக்கும் ரொமுனேஷ்தி. ‘மாரே’ (பெரிய) பால் பார்ப்பதே இல்லை. ஒருமை மாரே, பன்மை மாரி. ‘வேக்கி’ (பழைய) இன்னும் வேடிக்கை: பெண்பால் ஒருமை மட்டும் வேக்கே, மற்ற மூன்று இடங்களிலும் வேக்கி. ரோஸ் (இளஞ்சிவப்பு), மோவ் (ஊதா), க்ரி (சாம்பல்) போன்ற கடன் வாங்கிய நிறப்பெயர்கள் மாறுவதே கிடையாது.

மனப்பாடம் செய்யவேண்டிய இரண்டு உண்டு, இரண்டும் அன்றாடம் வருபவை. ‘கடினமான, கனமான’: க்ரெவ், க்ரேயா, க்ரேய், க்ரேலே. ‘புதிய’: நோவ், நோவ, நோய், நோய். ஆம், புதிய புத்தகங்கள் ‘கர்த்ஸி நோய்’தான், பயப்பட வேண்டாம். ‘நோவ’ என்பதற்கு ‘ஒன்பது’ என்றும் பொருள் இருப்பதால் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். ‘ஓ கார்த்தே நோவ’ என்றால் புதிய புத்தகம். ‘நோவ கர்த்ஸி’ என்றால் ஒன்பது புத்தகங்கள். ஒன்பது புதிய புத்தகங்கள் வேண்டுமானால் ‘நோவ கர்த்ஸி நோய்’.

படி 3: பயனிலையிலும் அதே விதி

‘புத்தகம் சுவாரசியமாக இருக்கிறது’ என்று நாம் சொல்லும் இடத்தில் ருமேனியர்கள் பெயரடையையே வைப்பார்கள். அது எழுவாயோடு ஒத்துப்போக வேண்டும்.

கார்த்தேயா யேஸ்தே இன்தெரெஸான்த.
ரொமானுல் யேஸ்தே இன்தெரெஸான்த்.
ரொமானேலே ஸுன்த் இன்தெரெஸான்தே.

‘மிகவும்’ என்பதற்கு ஃபொவார்தே. அது வினையடை, எங்கேயும் மாறாது: ஃபொவார்தே புன், ஃபொவார்தே புனே. இதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

படி 4: முன்னாலா, பின்னாலா?

இயல்பான இடம் பெயருக்குப் பின்னால். சந்தேகம் வந்தால் பின்னால் வையுங்கள், பெரும்பாலும் தப்பாகாது. ஓ கார்த்தே புன, உன் ரொமான் லுங், ஓ பொவேஸ்தே த்ரிஸ்த (சோகக் கதை).

வகை சொல்லும் பெயரடைகள் எப்போதும் பின்னால்தான். ரொமான் இஸ்தோரிக் (வரலாற்று நாவல்), ரொமான் பொலித்ஸிஸ்த் (துப்பறியும் நாவல்), லிதெராதுரா ரொமுன (ருமேனிய இலக்கியம்). இவற்றைத் தூக்கி முன்னால் வைத்தால் வாக்கியம் உடைந்துவிடும். எந்த அலமாரியில் அடுக்குவது என்பதற்கு அந்தச் சொல் பதில் சொன்னால் அது பின்னால்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

முன்னால் வரக்கூடியவை மதிப்பீடு சொல்பவை. ‘உன் எக்ஸ்செலென்த் ரொமான்’ என்றால் அருமையான நாவல். ‘உன் ரொமான் எக்ஸ்செலென்த்’ என்றாலும் அதே பொருள்தான். முன்னால் வைக்கும்போது சொல்பவரின் உணர்ச்சி கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், நடை எழுத்துத்தன்மை பெறும். புத்தக விமர்சனங்களில் இது தாராளமாக வரும். கடைக்காரரிடம் பேசும்போது அவ்வளவாக வராது. பழகும்வரை பேச்சில் தவிர்ப்பதே நல்லது என்று சொல்வேன். ‘ஓ ஃப்ருமொவாஸ கார்த்தே’ என்று கடையில் சொன்னால் கவிதை வாசிப்பதுபோல இருக்கும்.

ஆனால் இடம் மாறினால் பொருளே மாறும் பெயரடைகள் சில உண்டு. இவற்றில் நடையைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஓ கார்த்தே மாரே – அளவில் பெரிய புத்தகம். ஓ மாரே கார்த்தே – மகத்தான புத்தகம்.
ஓ பொவேஸ்தே ஆதெவராத – உண்மைக் கதை. ஓ ஆதெவராத பொவேஸ்தே – கதை என்றால் இதுதான் கதை.
ஓ பொவேஸ்தே ஸிம்ப்ல – எளிமையான கதை. ஓ ஸிம்ப்ல பொவேஸ்தே – வெறும் கதை, அதற்குமேல் ஒன்றுமில்லை.
கர்த்ஸி திஃபெரிதே – ஒன்றுக்கொன்று வேறுபட்ட புத்தகங்கள். திஃபெரிதே கர்த்ஸி – பல்வேறு புத்தகங்கள்.
உன் ஸ்க்ரீதோர் ஸிங்குர் – தனிமையில் இருக்கும் எழுத்தாளர். உன் ஸிங்குர் ஸ்க்ரீதோர் – ஒரே ஓர் எழுத்தாளர்.

பாருங்கள், பின்னால் நின்றால் நேர்ப்பொருள், அளந்தோ சரிபார்த்தோ சொல்லக்கூடிய பண்பு. முன்னால் வந்தால் மதிப்பீடாகவோ எண்ணிக்கையாகவோ நழுவிவிடுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் போக்கைப் பிடித்துக்கொள்வது எளிது.

வரிசை சொல்பவை வழக்கமாக முன்னால்: ப்ரிமுல் காபிதோல் (முதல் அத்தியாயம்), ப்ரிமா பாஜின (முதல் பக்கம்), உல்திமுல் ரொமான் (கடைசி நாவல்). கமில் பெத்ரெஸ்கு 1930இல் வெளியிட்ட நாவலின் தலைப்பே இதற்கு எடுத்துக்காட்டு: ‘உல்திமா நொவாப்தே தே த்ராகோஸ்தே, உன்துயா நொவாப்தே தே ரஸ்போய்’, அதாவது காதலின் கடைசி இரவு, போரின் முதல் இரவு. இரண்டு பெயரடைகளும் முன்னால் நிற்கின்றன, இரண்டும் ஆகாரத்தில் முடிகின்றன. ஏன் ஆகாரம் என்பது அடுத்த படி.

அதற்கு முன், இரண்டு பெயரடைகள் சேர்ந்தால் என்ன செய்வது? வகை சொல்வது பெயரோடு ஒட்டி நிற்கும், கருத்து சொல்வது அதற்கு அடுத்து வரும்: உன் ரொமான் இஸ்தோரிக் இன்தெரெஸான்த், சுவாரசியமான வரலாற்று நாவல். தமிழ் வரிசைக்கு நேர் எதிர், கண்ணாடியில் பார்ப்பதுபோல. இரண்டும் ஒரே தரத்தில் இருந்தால் ‘ஷி’ (உம்) போட்டு இணையுங்கள்: ஓ கார்த்தே வேக்கே ஷி ஃப்ருமொவாஸ.

எது பெயரோடு முதலில் ஒட்டுகிறது என்பதைக் காட்ட ஒரு நல்ல சோடி இருக்கிறது. நூலகர்கள் பழங்கால அச்சுநூல்களைக் ‘கார்த்தே வேக்கே ரொமுனியாஸ்க’ என்பார்கள். அங்கே ‘கார்த்தே வேக்கே’ என்பது ஒரு துறைப்பெயர், ‘ருமேனிய’ அதற்குமேல் வருகிறது. 1508 முதல் 1830 வரை அச்சான நூல்களைப் பட்டியலிட்ட பெரிய நூற்பட்டியலின் பெயர் ‘பிப்லியோக்ராஃபியா ரொமுனியாஸ்க வேக்கே’. இதில் வரிசை தலைகீழ். இரண்டும் சரி, ஒட்டும் இடம்தான் வேறு.

படி 5: ‘அந்த’ என்ற ஒட்டு யாருக்கு?

குறிப்பிட்ட ஒன்றைச் சொல்லும்போது ருமேனிய மொழி பெயருக்கு முன்னால் தனிச் சொல் போடாது, பெயரின் வாலில் ஓர் ஒட்டைச் சேர்க்கும். கார்த்தே, கார்த்தேயா. ரொமான், ரொமானுல். கர்த்ஸி, கர்த்ஸிலே. ரொமானே, ரொமானேலே. நுவேல என்பது நுவேலா ஆகும். இங்கேதான் அகரமும் ஆகாரமும் பிரிகின்றன.

பெயரடை வந்தால் விதி ஒரே வரிதான்: எது முதலில் வருகிறதோ அது ஒட்டைச் சுமக்கும், மற்றது சும்மா வரும்.

கார்த்தேயா நோவ / நோவா கார்த்தே
ரொமானுல் நோவ் / நோவுல் ரொமான்
கர்த்ஸிலே நோய் / நோயிலே கர்த்ஸி
ரொமானுல் ஃப்ருமோஸ் / ஃப்ருமோஸுல் ரொமான்
ஸ்க்ரீதோருல் மாரே / மாரேலே ஸ்க்ரீதோர்

இரண்டிலும் ஒட்டு போட்டு ‘நோவா கார்த்தேயா’ என்று சொல்லக்கூடாது. பிற மொழி பேசுவோர் எளிதில் செய்யக்கூடிய தவறு இது. எழுதும்போது பிறையை விட்டுவிட்டால் ‘நுவேல’வும் ‘நுவேலா’வும் பார்க்க ஒன்றாகிவிடும். ருமேனியர்கள் குறுஞ்செய்திகளில் பிறை, வால் எதையும் போடாமல் தட்டுவது சகஜம். அவர்களுக்குச் சூழலே போதும். கற்றுக்கொள்ளும் நமக்கு அது பள்ளம், விசைப்பலகையில் ருமேனிய மொழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சில் ‘ரொமானுல்’ என்பதன் கடைசி லகரத்தைப் பலரும் விழுங்கி ‘ரொமானு’ என்பார்கள். கேட்டால் குழம்ப வேண்டாம். எழுத்தில் லகரம் கட்டாயம்.

‘நோவா கார்த்தே’யும் ‘கார்த்தேயா நோவ’வும் பொருளிலும் கொஞ்சம் விலகும். ஓர் எழுத்தாளரின் அண்மை நூலைச் சொல்ல முன்னது பொருத்தம். பழையதற்கும் புதியதற்கும் இடையில் புதியதைச் சுட்டப் பின்னது.

விதியைப் பார்க்க மிக நல்ல எடுத்துக்காட்டு, இந்த மொழியின் எழுத்து, ஒலிப்பு, சொல்வடிவங்களுக்கு அதிகாரபூர்வமான அகராதியின் பெயர்: ‘திக்த்ஸியோனாருல் ஒர்தோக்ராஃபிக், ஒர்தோஎபிக் ஷி மோர்ஃபோலோஜிக் ஆல் லிம்பீ ரொமுனே’. 1982இல் முதல் பதிப்பு, 2005இல் இரண்டாவது, 2021இல் மூன்றாவது. அகராதி என்ற பெயர் முதலில் நிற்கிறது, ‘உல்’ ஒட்டை அதுவே சுமக்கிறது. பின்னால் வரும் மூன்று பெயரடைகளும் ஒட்டில்லாமல் நெவுத்ரு ஒருமையில் வருகின்றன. கடைசியில் உள்ள ‘லிம்பீ ரொமுனே’ அடுத்த படிக்கான வாசல்.

‘என் புத்தகம்’ என்று வந்தால் உடைமைச்சொல் ஒட்டுள்ள பெயருக்கு அடுத்து, பெயரடை அதற்கும் அடுத்து: கார்த்தேயா மேயா ப்ரெஃபெராத (எனக்கு மிகப் பிடித்த புத்தகம்), ரொமானுல் மேவு ப்ரெஃபெராத், கர்த்ஸிலே மேலே ப்ரெஃபெராதே. பெயரடை முன்னால் போனால் உடைமைச்சொல்லும் அதன் பின்னால் ஓடும்: நோவா மேயா கார்த்தே, என் புதிய புத்தகம்.

படி 6: ‘புத்தகத்தின்’ என்று சொல்லும்போது

மொழியின் பெயர் ‘லிம்பா ரொமுன’. ‘ருமேனிய மொழியின்’ என்றால் ‘லிம்பீ ரொமுனே’. பெயரடை ரொமுனவிலிருந்து ரொமுனேயாக, அதாவது பார்வைக்குப் பன்மையாக, மாறிவிட்டது. மொழி ஒன்றுதான், வடிவம் மட்டும் அப்படி.

விதி: பெண்பால் ஒருமை, ஆறாம் வேற்றுமையிலோ நான்காம் வேற்றுமையிலோ வந்தால், பெயரடை தன் பெண்பால் பன்மை வடிவத்தை எடுத்துக்கொள்ளும்.

ஓ கார்த்தே புன – உனேய் கர்த்ஸி புனே (ஒரு நல்ல புத்தகத்தின்)
ஓ கார்த்தே நோவ – உனேய் கர்த்ஸி நோய்
ஓ கார்த்தே க்ரேயா – உனேய் கர்த்ஸி க்ரேலே

பெயரும் அதையே செய்கிறது. கார்த்தே ‘கர்த்ஸி’ ஆகிவிடுகிறது. படி 1இல் பன்மையைச் சேர்த்துக் கற்கச் சொன்னதன் இன்னொரு பயன் இது. ஒட்டு சேர்ந்தால் ஆவுதோருல் கர்த்ஸீ நோய் (புதிய புத்தகத்தின் ஆசிரியர்), அல்லது பெயரடையை முன்னால் கொண்டுவந்து ஆவுதோருல் நோயீ கர்த்ஸி. 1867இல் தொடங்கப்பட்ட ருமேனிய அகாடமி நூலகத்தின் பெயரும் இதே அச்சு: பிப்லியொதேகா ஆகாதெமியேய் ரொமுனே.

ஆண்பாலிலும் நெவுத்ருவிலும் இந்தத் தொல்லை இல்லை. உன் ரொமான் புன், உனுய் ரொமான் புன். பெயரடை அப்படியே நிற்கும். பெயர் ஒட்டை மட்டும் மாற்றும்: தித்லுல் ரொமானுலுய் நோவ், புதிய நாவலின் தலைப்பு.

படி 7: ஒப்பிடுதல்

‘அதைவிட’ என்பதற்கு ‘மாய் ... தெக்குத்’: ரொமானுல் யேஸ்தே மாய் புன் தெக்குத் ஃபில்முல், நாவல் படத்தைவிட நன்றாக இருக்கிறது. ருமேனியாவிலும் இந்த வாக்கியம் நிறையவே தேவைப்படும்.

‘மிக நல்ல’ என்ற உச்சநிலைக்குச் ‘செல் மாய்’. இதில் ‘செல்’லும் பாலும் எண்ணும் பார்க்கும்.

செல் மாய் புன் ரொமான்
சா மாய் புன கார்த்தே
செலே மாய் புனே கர்த்ஸி
செய் மாய் புனி ஸ்க்ரீதோரி

இங்கே பெயரில் ஒட்டு கிடையாது, ‘செல்’ அந்த வேலையைச் செய்துவிட்டது. பெயர் முன்னால் போனால் ஒட்டு திரும்ப வரும்: கார்த்தேயா சா மாய் புன. மரின் ப்ரெதாவின் 1980ஆம் ஆண்டு நாவலின் தலைப்பில் பெயர்ச்சொல்லே இல்லை: ‘செல் மாய் யுபித் தின்த்ரே பமுன்தேனி’, மண்ணுலகத்தாரில் மிகவும் நேசிக்கப்பட்டவன். ‘நேசிக்கப்பட்டவன்’ என்பதன் ‘அன்’ விகுதியைச் ‘செல்’ சுமக்கிறது.

படி 8: மாறக்கூடாததை மாற்றாதீர்கள்

பொருத்தம் பழகிவிட்டால் கை எல்லாவற்றையும் மாற்றத் துடிக்கும். வினையடைகள் மாறாது. ‘நன்றாக எழுதப்பட்ட புத்தகம்’: ஓ கார்த்தே பினே ஸ்க்ரிஸ. ‘எழுதப்பட்ட’ என்பது மாறும், ‘நன்றாக’ மாறாது. உன் ரொமான் பினே ஸ்க்ரிஸ், தோவ ரொமானே பினே ஸ்க்ரிஸே.

சிக்கல் வருவது வினையடையும் பெயரடையும் ஒரே உருவத்தில் இருக்கும்போது. ‘அழகாகப் படம் போட்ட புத்தகம்’ என்பது ‘ஓ கார்த்தே ஃப்ருமோஸ் இலுஸ்த்ராத’. புத்தகம் பெண்பால் என்று ‘ஃப்ருமொவாஸ’ போட்டால் அழகு படம் போட்ட விதத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவிவிடும். ‘புதிதாக வெளிவந்த புத்தகங்கள்’ என்பதும் ‘கர்த்ஸி நோவ்-ஆபருதே’, நோவ் மாறாது. இதில் ருமேனியர்களே தடுமாறுவதுண்டு. ‘படிக்க எளிதான புத்தகம்’ என்பது ஓ கார்த்தே உஷோர் தே சிதித். ‘உஷோர்’ இங்கே அசையாது. வெறுமனே ‘எளிதான புத்தகம்’ என்றால் ஓ கார்த்தே உஷொவார.

படி 9: இரண்டு பெயருக்கு ஒரு பெயரடை

பொருள்களில் பெண்பாலும் நெவுத்ருவும் சேர்ந்தால் பெண்பால் பன்மை: கார்த்தேயா ஷி திக்த்ஸியோனாருல் ஸுன்த் ஸ்கும்பே, புத்தகமும் அகராதியும் விலை அதிகம். ஆட்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஆண்பால் பன்மை: ஆவுதோருல் ஷி த்ராதுகதொவாரேயா ஸுன்த் குனொஸ்குத்ஸி, ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் (பெண்) பிரபலமானவர்கள்.

இனி ஒரு பத்தி எழுதுவோம்

ஆம் சிதித் ஓ கார்த்தே ஃபொவார்தே புன. யேஸ்தே உன் ரொமான் பொலித்ஸிஸ்த் ஸ்குர்த், ப்லின் தே உமோர். பெர்ஸோனாஜேலே ஸுன்த் இன்தெரெஸான்தே, தார் ஸ்ஃபுர்ஷிதுல் யேஸ்தே த்ரிஸ்த். கொபேர்தா யேஸ்தே ஃப்ருமொவாஸ.

‘மிக நல்ல புத்தகம் ஒன்று படித்தேன். சின்னத் துப்பறியும் நாவல், நகைச்சுவை நிறைந்தது. பாத்திரங்கள் சுவாரசியம், ஆனால் முடிவு சோகம். அட்டை அழகு.’ முதல் வாக்கியத்தில் கார்த்தே என்பதால் ‘புன’. இரண்டாவதில் பேச்சு ரொமானுக்குத் தாவியதும் ‘ஸ்குர்த்’, ‘ப்லின்’. புத்தகம் அதேதான், பெயர் மாறியது. இரண்டாவது வாக்கியத்தைக் ‘யேஸ்தே ஓ கார்த்தே...’ என்று தொடங்கி எழுதிப் பாருங்கள்: ‘பொலித்ஸிஸ்த, ஸ்குர்த, ப்லின’ என்று மூன்றும் மாறவேண்டும். பிறகு ‘இரண்டு நாவல்கள்’ என்று மாற்றுங்கள்: ‘தோவ ரொமானே பொலித்ஸிஸ்தே ஸ்குர்தே, ப்லினே தே உமோர்’. ஒரே பத்தியை இப்படி மூன்று முறை திருப்புவது அட்டவணையைப் பத்து முறை படிப்பதைவிடப் பலன் தரும்.

விடையை மறைத்துக்கொண்டு செய்து பார்க்கச் சில:

தடிமனான நாவல்கள் – ரொமானே க்ரொவாஸே
மிகச் சலிப்பூட்டும் பாத்திரங்கள் (உச்சநிலை) – செலே மாய் பிளிக்திஸிதொவாரே பெர்ஸோனாஜே
ஒரு நீண்ட கதையின் தலைப்பு – தித்லுல் உனேய் பொவேஷ்தி லுஞ்ஜி
நன்றாக எழுதப்பட்ட கடைசி அத்தியாயம் – உல்திமுல் காபிதோல் பினே ஸ்க்ரிஸ்
எனக்குப் பிடித்த எழுத்தாளர்கள் – ஸ்க்ரீதோரீ மேய் ப்ரெஃபெராத்ஸி
மகத்தான ருமேனிய எழுத்தாளர்கள் – மாரீ ஸ்க்ரீதோரி ரொமுனி

கடைசி விடையில் ‘ரொமுனேஷ்தி’ வராமல் ‘ரொமுனி’ வந்ததைக் கவனியுங்கள். ஆட்களுக்கு ‘ரொமுன்’, பொருள்களுக்குப் பெரும்பாலும் ‘ரொமுனேஸ்க்’: ஸ்க்ரீதோர் ரொமுன், ஆனால் ரொமான் ரொமுனேஸ்க். மொழி, இலக்கியம், அகாடமி போன்றவை ஆட்கள் அல்ல என்றாலும் ‘ரொமுன’ என்றே வழங்குகின்றன.